மலையில் ஒளித்த சம்புடம்

எந்த ஜி.பி.எஸ். கருவி வாங்கலாம் என்று இன்றைக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. கைப்பேசிக்குள்ளேயே எல்லாம் வந்துவிட்டது. யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்று எனக்கு உள்ளூர ஆசைதான். அந்த ஒரு விஷயத்தில் ஒரு வருடம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். கற்றதையெல்லாம் சொல்ல ஆளில்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

என் தங்கையும் நானும் வளர்ந்தது திருத்தணி மலையின் பின்பக்கச் சரிவில். வீடும் நிலமும் அடிவாரத்தில். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா சாமந்தி பயிரிட்டு, விடிந்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்டுப் பாதை வழியாக மலைமேலிருக்கும் பூக்கடைகளுக்குக் கொண்டுபோவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பத்தாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்களைக் கேட்க வீட்டில் ஆளில்லை. ஒரு காலி பவுடர் டப்பாவை ஒருவர் மலையில் ஒளிக்க வேண்டும், மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் எங்கள் விளையாட்டு. 'குரங்கு உட்கார்ந்தால் கோயில் தெரியும் பாறை' என்கிற மாதிரி ஒரு குறிப்பு மட்டும் கொடுப்பாள் தங்கை. அந்த மலையில் குரங்கு உட்காராத பாறை எது? நான்தான் எப்போதும் தோற்பேன். என் பங்கு வேர்க்கடலை உருண்டையும் அவள் வாய்க்குள் போகும்.

அப்படிப்பட்டவள் இன்ஜினியரிங் படித்தாள், சென்னையில் வேலைக்குப் போனாள், தானே ஒருவரைப் பார்த்து ரிஜிஸ்டர் கல்யாணமும் செய்துகொண்டாள். சேதி வந்த அன்று நைனா நேராகக் கிணற்றுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

"தலமுழுகிட்டேன். இனிமே இந்த வூட்ல அவ பேச்சு யாரும் எடுக்கக் கூடாது."

பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். தங்கையும் அவருக்குப் பிறந்தவள்தானே! "நைனா வாயத் தொறந்து கூப்புடட்டும், வரேன்" என்று சொல்லிவிட்டுப் புருஷனோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

ஆனால் என்னோடு அவள் பேச்சை விடவில்லை. நான் அப்போது அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். சனிக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவளுடைய மெயிலைப் படிப்பேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் எழுதியிருந்தாள்: "அண்ணா, நம்ம பவுடர் டப்பா ஆட்டத்த இங்க பெரியவங்க ஆடறாங்க. டப்பாவ ஒளிச்சிட்டு அட்சரேகை, தீர்க்கரேகைய இன்டர்நெட்ல போட்டுடறாங்க. ஜி.பி.எஸ். வெச்சிகினு போய்க் கண்டுபுடிக்கணும். உள்ள ஒரு நோட்டு இருக்கும், கையெழுத்து போடணும். ஒரு பொருள எடுத்தா ஒரு பொருள வெக்கணும். பேரு ஜியோகேச்சிங்."

அட்சரேகையைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து கை ஓய்ந்தவன் நான். அதன்மேல் காலால் நடந்து போய் நிற்க முடியும் என்றால் சும்மா இருப்பேனா? எனக்கும் ஒரு கருவி வேண்டும் என்று பதில் போட்டேன்.

எந்தக் கருவி என்பதில் ஆரம்பித்தது சண்டை. மஞ்சள் நிறத்தில் ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளைத் திரை, வரைபடம் கிடையாது, ஓர் அம்புக்குறி மட்டும். இன்னொன்றில் வண்ணத் திரை, வரைபடம், உள்ளேயே திசைகாட்டி. விலை இரண்டு மடங்குக்கு மேல். புவியியல் வாத்தியாருக்கு வரைபடம் இல்லாத கருவியா என்று நான் கொதித்தேன். அவள் கடைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள்: "அதுல இந்தியாவத் தேடிப் பாத்தேன். சென்னைன்னு ஒரு புள்ளி கீது. திருத்தணியும் இல்ல, திருப்பதியும் இல்ல. வெத்துத் தாளுக்கு எதுக்கு அவ்ளோ துட்டு?" கேட்டது நியாயம்தான். அந்த வண்ணத் திரை பேட்டரியையும் வெறி பிடித்த மாதிரி தின்னும் என்றாள். மஞ்சள் கருவிக்கு இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் பகல் முழுக்க ஓடும், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. அதில் ஒரே குறை, நின்ற இடத்தில் நின்றால் திசை காட்டாது. நடந்தால்தான் அம்பு சரியான பக்கம் திரும்பும்.

மஞ்சளையே எடுத்தோம். சென்னைக்கு வந்த அவளுடைய சிநேகிதி கையில் கொடுத்தனுப்பினாள். போய் வாங்கிக்கொண்டு ரயிலில் வரும்போது பொறுக்க முடியாமல் உறையைப் பிரித்து ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். மணவூர் தாண்டும்போது அது செயற்கைக்கோள்களைப் பிடித்து எங்கள் அட்சரேகையைக் காட்டியது. எதிர் சீட்டுப் பெரியவர் "பிரஷர் பாக்கற மிஷினாபா?" என்று கேட்டார். "ஆங்" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் எது கேட்டிருந்தாலும் ஆங் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் மனைவி நகரிப் பக்கத்து அத்தை மகள். என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். "டப்பா பொறுக்க ஒரு மிஷினா பாவா? குப்பக்காரன்கூட வெறுங்கையாலதான பொறுக்கறான்" என்றாள். பொறுக்குவதற்கும் எங்கள் வட்டாரத்தில் டப்பா எதுவும் இல்லை. இணையத்தில் தேடினால் சென்னைக்கு இந்தப் பக்கம் வெறுமைதான். அதனால் முதல் டப்பாவை நானே ஒளிப்பது என்று முடிவு செய்தேன். குரங்குகள் திறக்க முடியாத இறுக்கமான மூடி வேண்டும். பரண்மேல் அம்மாவின் பழைய பாத்திரங்களுக்கு நடுவில் ஓர் எவர்சில்வர் சம்புடம் கிடைத்தது. மூடியைத் திருகித் திறக்க எனக்கே மூச்சு முட்டியது. உள்ளே நோட்டு, பென்சில், கொஞ்சம் கோலிக்குண்டு வைத்தேன்.

வாசல் தாண்டும்போது மனைவி வழிமறித்தாள்.

"புதுசா ஒரு காரியத்துக்குப் போவுது. வெறுமனே எடுத்துகினு போவாத பாவா."

சம்புடத்துக்கு நாலு பக்கமும் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் சைக்கிள் வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட மாட்டோம். நானும் அதை யோசிக்கவில்லை. ஆட்டுப் பாதையோரம் ஒரு வேப்பமரத்தடியில், பாறை இடுக்கில் சொருகி, முன்னால் ஒரு கல்லை வைத்தேன். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் அதை இணையத்தில் ஏற்றினாள்.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஐயோ! முன்னால் வைத்த கல்லைக் காணோம். பாறையெல்லாம் கற்பூரக் கரி. சம்புடத்துக்குச் சாமந்தி மாலை, பக்கத்தில் எலுமிச்சம்பழம், வேப்பங்கிளையில் மஞ்சள் துணியில் காசு முடிந்த நேர்த்திக்கடன் முடிச்சுகள். முருகன் மலையில், குங்குமம் வைத்த சம்புடம் பாறைக்குள் இருந்தால் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? திறந்தேன். கோலிக்குண்டுகள் அப்படியே இருந்தன. மேலே விபூதிப் பொட்டலங்கள். நோட்டில் யாரோ கோணல் எழுத்தில் "பத்தாவது பாஸ் ஆவணும் முருகா" என்று எழுதியிருந்தார்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றை வை என்பது ஆட்டத்தின் விதி. எங்கள் ஊரில் யாரும் எடுக்கவில்லை, வைக்க மட்டும் செய்தார்கள். தங்கைக்கு எழுதியபோது, ஆபீஸில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன் என்று பதில் வந்தது. எடுத்துவிடலாமா என்று மனைவியைக் கேட்டேன். "கை வெக்காத பாவா, பத்து பேரு நம்பிட்டாங்க" என்று அடக்கிவிட்டாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் அதோடு நின்றது. தங்கையின் மகளுக்கு மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு வழக்கம், பிள்ளையின் முதல் முடியைத் திருத்தணியில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும். முதல் வயதில் எடுக்கவில்லை என்றால் மூன்றாம் வயது. அதையும் விட்டால் நல்லதில்லை என்பார்கள். "இங்க பார்லர்ல வெட்டிடலாம்னு இவரு சொல்றாரு. எனக்கு மனசு வரல அண்ணா. பின்னல் போடற அளவுக்கு வளந்துடுச்சி" என்று எழுதினாள். சரி, வாயேன் என்றால் பழைய பல்லவி: "நைனா கூப்புடட்டும்."

நைனாவிடம் போய் நின்றேன். பூக்கூடையிலிருந்து தலை நிமிரவில்லை.

"தலமுழுகனவங்களுக்கு இன்னாடா மொட்ட?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மூன்று வயதுக் குழந்தை என்ன பாவம் செய்தது? தாய்மாமன் என் மடி காலியாகக் கிடக்கிறதே! மனைவி மட்டும், "பெத்த மனம் பித்து பாவா, பாத்துகினே இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு விடுமுறை நாள் விடியற்காலை, நோட்டு மழையில் நனைந்திருக்குமோ என்று மாற்றப் போனேன். வேப்பமரத்தடியில் நைனா நின்றிருந்தார். பூக்கூடையைக் கீழே இறக்கி வைத்திருந்தார். நான் புதருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் காசை முடிந்து கிளையில் கட்டினார். பிறகு சம்புடத்தைப் பார்த்துச் சண்டைக்குப் போகிற குரலில் பேசினார்.

"சும்மா பாத்துகினே கீறியே. என் வாயால கூப்புட மாட்டேன், அது உனக்கே தெரியும். நீயாச்சும் இட்டாந்து உடு. அந்தக் கொயந்த முடிய எறக்கணும்."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் ஒளித்து வைத்த விளையாட்டு டப்பாவிடம் போய் முருகா என்று வேண்டிக்கொள்கிறாரே மனுஷன்!

பிரவுசிங் சென்டர் கதவு திறக்கும்வரை வாசலிலேயே காத்திருந்து, பார்த்ததை ஒரு வார்த்தை விடாமல் தங்கைக்கு எழுதினேன். கடைசியில், "டப்பா இருக்கிற இடம் உனக்குத் தெரியும். வந்து கையெழுத்து போடு" என்று சேர்த்தேன். டிக்கெட் போட்டுவிட்டேன் என்று அடுத்த நாளே பதில் வந்தது.

குழந்தையோடு விடியற்காலை விமானத்தில் இறங்கியவள், கனகம்மாசத்திரம் தாண்டும்போது போன் செய்தாள். அடிவாரத்தில் காத்திருந்து ஆட்டுப் பாதையில் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கையில் அந்த வண்ணத் திரைக் கருவி. "ஆபீஸ் நண்பரோடது" என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். திரையில் வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லாத தாளில் ஓர் அம்பு. அவளுடையது ஒரு பாறையைக் காட்டியது, என்னுடையது பக்கத்துப் பாறையைக் காட்டியது. கற்பூரக் கரியைப் பார்த்து இரண்டு பேரும் சரியான இடத்துக்கு வந்தோம். நான் மூடியைத் திறக்க, தங்கை உட்கார்ந்து நோட்டில் கையெழுத்து போட்டாள். குழந்தை சம்புடத்துக்குள் கையை விட்டுக் கோலிக்குண்டை எடுத்துக்கொண்டது. அதுவரை யாரும் அதிலிருந்து எதையும் எடுத்ததில்லை.

நைனா கூடையோடு ஏறி வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தங்கை எழுந்தாள், அவளும் அங்கேயே நின்றாள். என் மஞ்சள் கருவி மாதிரிதான் எங்கள் வீட்டு ஆட்களும், யாராவது ஓர் அடி எடுத்து வைத்தால்தான் உண்டு. நைனா கூடையை இறக்கினார். நடந்து வந்து குழந்தையின் தலையில் கை வைத்தார்.

"இன்னாமே இது, இவ்ளோ முடி? பேன் புடிக்கப் போவுது."

"நைனா..." என்றாள் தங்கை. அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அயுவாத. நேரமானா மொட்ட எடுக்கற எடத்துல கூட்டம் சேந்துடும். கெளம்பு."

அன்று காலையே என் மடியில் உட்கார்ந்து அந்தக் குழந்தை மலையே அதிரக் கத்தியது. முடி என் வேட்டியெல்லாம் விழுந்தது. நைனா சந்தனம் குழைத்து மொட்டைத் தலையில் பூசினார். தேவையானதற்கும் அதிகமான நேரம் பூசிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கீழே இறங்கியதும், முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று நைனா என்னை மட்டும் வேப்பமரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"நைனா, இது சாமி டப்பா இல்ல. வெளாட்டுக்கு நான் வெச்சது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இதுகிட்ட போயி முருகான்னு வேண்டிகினீங்க?"

"முருகன்கிட்ட கேக்கறதுன்னா கோயில்ல போயிக் கேக்க மாட்டனா? தெனம் அங்கதான போயிகினு கீறேன்." சம்புடத்தை எடுத்துக் கவிழ்த்து என் கையில் கொடுத்தார். "படிச்சுப் பாருடா வாத்தி."

அடிப்பக்கம் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. சீர்ப் பாத்திரம். எங்கள் வீட்டில் எதில்தான் பெயர் வெட்டவில்லை? பார்த்துப் பழகியே என் கண் அதைப் பார்க்காமல் விட்டிருந்தது. அம்மாவின் பெயர்.

"மொத நாளு கீழ வியுந்து கெடந்துச்சு. எடுத்து வெக்கறப்ப பாத்தேன்" என்றார் நைனா. "அவகிட்டதான் கேட்டேன்."

கிளையிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போடவில்லை. சம்புடத்துக்குள் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, பாறை இடுக்கில் திரும்ப வைத்தார்.