உறைந்தது, தாங்கவில்லை

"ஏனுங்க சார், நம்ம சரோஜா சிஸ்டர் போயிட்டாங்க" என்று கீழ் கோத்தகிரியிலிருந்து யோகன் போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். காலில் புண்ணை வைத்துக்கொண்டு வார்டு வார்டாக அலைந்த பெண்மணி. சர்க்கரை ஏறிக்கிடக்கிறது என்று ரிப்போர்ட்டை நீட்டினால், "செருப்புக் கடிதானுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். புண் சீழ் பிடித்து, நஞ்சு ரத்தத்தில் ஏறி, ஐந்தே நாளில் முடிந்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ், நான் லேப் டெக்னீஷியன். அவரிடம் "முடியாது" என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக டீ குடித்ததில்லை. அவரோடு வேலை பார்த்து, இன்று அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

யோகன் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் தொழிலாளி. ஒரு நாள் கத்தி இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டதும் ரத்தம் நின்றது, மறுநாள் கசிந்தது. மறுபடி கட்டினால் மறுபடி நின்றது, மறுபடி கசிந்தது. இரண்டு வாரமாகியும் புண் ஆறவில்லை. இதற்கு எங்கள் மலையில் தீர்ப்பு தயாராக இருக்கும். "லீவுக்காகப் புண்ணுப் பொருக்க இவனே உரிக்கறானுங்க" என்றார் மேஸ்திரி. ரத்தம் உறையும் நேரத்தை இரண்டு முறை பார்த்து "நார்மல்" என்று எழுதிக் கொடுத்த நானும் அதையே நம்பினேன். அவனை வேலையை விட்டு நிறுத்தப் பேச்சு நடந்தது.

சிஸ்டர் புதுக் கட்டுப் போட்டு, பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் குறுக்காகத் தன் கையெழுத்தைப் போட்டார். மறுநாள் யோகனை இழுத்துக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டார். கட்டு ரத்தத்தில் நனைந்திருந்தது. கையெழுத்து ஒரு கோடுகூட விலகவில்லை.

"உங்க டெஸ்ட்டு ரத்தம் உறையுதான்னு பாக்குது. உறைஞ்சது தாங்குதான்னு யாருங்க பாக்கறது?"

கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் அவர் பக்கம்தான் எழுதியிருந்தது. ரத்தம் உறைவது என்றால் ஒரு புரதம் நூல் நூலாகி வலை பின்னுவது. அந்த நூல்களைப் பிணைத்து இறுக்குவது பதிமூன்றாம் காரணி என்ற இன்னொரு புரதம். அது இல்லாவிட்டால் வலை சீக்கிரமே கரைந்துவிடும், புதுச் சதை பற்றி ஏற இடமிருக்காது. வழக்கமான டெஸ்ட் வலை பின்னுகிறதா என்று மட்டுமே பார்க்கும்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "மூட்டையக் கட்டி முடிச்சுப் போடாத கதைங்க. இதுக்கு இத்தன பெரிய புஸ்தகமா?" என்றார். போன வேகத்திலேயே திரும்பி வந்தேன்.

ரத்தம் கோயம்புத்தூருக்குப் போனது. அங்கே தனிச் சோதனையில் அந்தக் குறைதான் என்று உறுதியானது. இல்லாத புரதத்தை ஊசியில் ஏற்றியதும் புண் ஆறியது. யோகன் வேலைக்குத் திரும்பினான். மேஸ்திரியை அவனிடம் மன்னிப்புக் கேட்க வைத்த பிறகே சிஸ்டர் அடங்கினார். என்னை மட்டும் விட்டுவிட்டார். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். "நார்மல்" என்று எழுதும் முன் எழுந்து வார்டுக்குப் போய் அந்த ஆளை ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறேன். சிஸ்டர், உங்கள் சர்க்கரையை மூன்று முறை எழுதிக் கொடுத்து மூன்று முறையும் சண்டை போட்டேன். காலைக் காட்டுங்கள் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.