முப்பத்தொன்றாம் எண் தண்ணீர் குடித்தது

முகாமின் முதல் நாள் பிள்ளைகளோடு அம்மாக்களையும் அளந்தார்கள். திருப்பதியில், மலைக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு பள்ளி மைதானம். மே மாதம். சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். அம்மாக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் வரிசையாக நின்றோம். பத்து, பதினோரு வயதுப் பெண் இனி எவ்வளவு வளர்வாள் என்பதை அவளுடைய பாதத்தையும் அம்மாவின் உயரத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் பயிற்சியாளர். கூடைப்பந்துக்கு உயரம் வேண்டும். நான் ஐந்தடி இரண்டு அங்குலம் என்று சொல்லி வைத்திருந்தேன். கொண்டையை அழுத்திப் பிடித்து அளந்தபோது ஐந்தடி ஒன்றரை வந்தது. அந்த அரை அங்குலத்துக்காக மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

நான் அங்கே அம்மாவாக மட்டும் போகவில்லை. கல்யாணத்துக்கு முன், திருப்பதியில் படித்தபோது, கல்லூரி அணியில் ஆடியிருக்கிறேன். முகாமில் பெண் பிள்ளைகளோடு தங்கி மதிப்பெண் எழுத ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது, சித்தூரில் என் மகளின் பள்ளியில் இருந்த விளையாட்டு ஆசிரியை என்னைக் கைகாட்டிவிட்டார். என்னால் மறுக்க முடியவில்லை. யார் கேட்டாலும் என்னால் மறுக்க முடிந்ததில்லை. என் மகளின் தாளை மட்டும் நான் தொடக்கூடாது, அதை இன்னொரு ஆசிரியை எழுதுவார் என்று ஏற்பாடு. மற்றவர்களின் தாள்கள் என்னிடம். உயரம், கைவீச்சு, நின்ற இடத்திலிருந்து குதித்தல், வலது கையால் பந்து தட்டுதல், இடது கையால் தட்டுதல், கூடையில் போடுதல், சொன்னதைக் கேட்டல். ஒவ்வொன்றுக்கும் பத்து.

நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். விளையாட்டு விடுதியில் பன்னிரண்டு இடம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிப்பு, சாப்பாடு, ஷூ எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

என் கணவர் குவைத்துக்குப் போய் அது மூன்றாவது வருஷம். குளிர்சாதனம் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. அவரோடு டிப்ளமோ படித்த இரண்டு பேர் பெங்களூருக்குப் போய் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அங்கிருந்து அமெரிக்காவுக்கே போய்விட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை போனிலும் அதே பேச்சு. விளையாட்டில் சர்டிபிகேட் இருந்தால் இன்ஜினீயரிங் சீட் சுலபம், பெண்ணை இதில் சேர்த்துவிடு, கோட்டை விட்டுவிடாதே. சரி என்றேன். விடுதிக்கு எடுத்துப்போக வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, டிரங்குப் பெட்டியிலிருந்து எவர்சில்வர் தட்டு வரை சேர்த்து வைத்தேன்.

முப்பத்தொன்றாம் எண்ணை நான் முதல் நாளே கவனித்துவிட்டேன். எல்லோரும் கவனித்தோம். அதற்கு முந்தின நாள்தான் மலையில் முடி கொடுத்திருக்கிறாள். தலை முழுக்கச் சந்தனம். மெலிந்த, நீண்ட கைகள். பாதங்கள் அவள் வயதுக்குப் பெரியவை. பாலசமுத்திரம் பக்கம் ஏதோ கிராமம், தமிழ்ப் பள்ளிக்கூடம். அவளுடைய அம்மாவை அளந்தபோது ஐந்தடி ஏழு. பயிற்சியாளர் இரண்டு முறை அளந்தார். அந்த அம்மாளின் விரல்கள் மாம்பழச் சாறால் கறுத்திருந்தன. சித்தூரைச் சுற்றிப் புதிதாக வந்திருந்த மாங்கூழ் ஆலை ஒன்றில் பழம் அரிகிற வேலை என்றாள்.

"இதோட நைனா பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போய்க்கினு கீறாரு. நானும் சீசன் முடிஞ்சா அங்கதான் போவணும்" என்றாள் என்னிடம். "இங்க சேத்துக்கினாங்கன்னா இது படிக்கும். இல்லன்னா எங்கூட இட்டுக்கினு போயி கல்லு தூக்க வேண்டியதுதான். கொஞ்சம் பாத்துக்கோங்க மேடம்."

பாத்துக்கறேன் என்றேன். எல்லா அம்மாக்களிடமும் அதையேதான் சொன்னேன்.

மற்றப் பிள்ளைகள் அவளை "குண்டு, குண்டு" என்று கூப்பிட்டார்கள். தெலுங்கில் மொட்டைத் தலைக்கு அதுதான் பெயர். இரண்டாம் நாள் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"டீச்சர், நான் இன்னா அவ்ளோ குண்டாவா கீறேன்?"

"இல்லம்மா. மொட்டைன்னு சொல்றாங்க."

"அப்போ மொட்டைன்னே சொல்லலாம் இல்ல? நான் நேத்து ரெண்டு இட்லிதான் துன்னேன்."

சிரித்தேன். அதோடு அதை மறந்தும் விட்டேன். அப்போதே ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நான்காம் நாள் அப்படி ஆகியிருக்காது.

மூன்று நாள் பயிற்சியில் பயிற்சியாளர் எல்லாவற்றையும் செய்து காட்டினார். பார்த்துச் செய்கிற வரையில் முப்பத்தொன்றுக்கு எந்தத் தடங்கலும் இல்லை. நான்காம் நாள் தேர்வு. மைதானத்தில் ஆறு செங்கல் வைத்து, அவற்றின் நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு போக வேண்டும். எந்தக் கை என்பதை அவர் குரல் கொடுக்கக் கொடுக்க மாற்ற வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் ரைட், லெப்ட் என்றுதான் சொன்னார். கிராமத்துப் பிள்ளைகள் பதறுவதைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் வேண்டாம், பாவம், தாய்மொழியிலேயே சொல்கிறேன் என்று தெலுங்குக்கு மாறினார். நல்ல மனிதர். கோதாவரிப் பக்கத்துக்காரர். வலது என்பதற்கு அவர்கள் மொழியில் 'குடி'. இடது என்பதற்கு 'எடம'.

முப்பத்தொன்று பந்தோடு முதல் செங்கல்லைத் தாண்டினாள்.

"குடி! குடி!" என்று கத்தினார்.

அவள் நின்றாள். பந்தைக் கையில் பிடித்து, உருளாதபடி செங்கல்லை ஒட்டி வைத்தாள். மைதானத்தின் ஓரத்தில் பானை இருந்த இடத்துக்கு ஓடி, ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தாள். ஓடி வந்து பந்தை எடுத்தாள்.

"எடம! எடம!"

அவள் பந்தோடு திரும்பி வரிசைக்குப் போய், தான் முதலில் நின்றிருந்த இடத்தில் நேராக நின்றுகொண்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளருக்குப் பொறுமை இருந்தது. கையசைத்துக் கூப்பிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். மறுபடி "குடி" என்றார். மறுபடி அவள் பானைக்கு ஓடினாள். இந்த முறை குடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மூன்றாவது முறை அவள் அசையவில்லை. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "போதும் சார், வவுறு ரொம்பிப்போச்சு" என்றாள்.

அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்து, "செப்பிந்தி வினது மேடம் ஈ பில்ல" என்றார். சொன்னதைக் கேட்க மாட்டாள் இந்தப் பெண் என்று அர்த்தம்.

எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. அவள் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருந்தாள். குடி என்றார், குடித்தாள். எடம் என்றார், எடத்துக்குப் போனாள். வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசுகிறவள் நான். மற்ற அம்மாக்கள் முதல் நாளே ஊர் திரும்பியிருந்தார்கள். அந்த மைதானத்தில் இருந்த பெரியவர்களில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு வாக்கியம் போதும். பேனா என் கையில் இருந்தது. தாளைப் பார்த்தேன். வலது கை இரண்டு, இடது கை ஒன்று, சொன்னதைக் கேட்டல் சைபர் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. வெயிலில் தாளைப் பார்க்கக் கண் கூசியது, அது மட்டும் நினைவிருக்கிறது.

மத்தியானம் கூட்டிப் பார்த்தோம். என் மகள் பன்னிரண்டாவது. முப்பத்தொன்று பதினைந்தாவது. சைபர் போட்ட இடத்தில் ஆறு போட்டிருந்தால்கூடப் பத்துக்குள் வந்திருப்பாள். மறுநாள் காலை பட்டியலை ஒட்டுவதாக முடிவாயிற்று.

சாயங்காலம் மகள் குழாயடியில் சாக்ஸைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பிழிந்தபடியே சொன்னாள்.

"அம்மா, அந்த மொட்ட கீதே, அது என்னாண்ட வந்து கேட்டுச்சு. சாரு எதுக்கு எனக்கு மட்டும் தண்ணி குடிக்கச் சொன்னாருன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏன்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீயும்தான் சொல்லல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு இட்லியா பொங்கலா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

மறுநாள் காலை, பட்டியலை ஒட்டுவதற்கு முன், பயிற்சியாளர் மரத்தடியில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். குடி என்றால் எங்கள் மொழியில் வேறு அர்த்தம் என்றேன்.

"அரவமா?" என்றார். தமிழுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே நின்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேற்றே ஏன் சொல்லவில்லை என்று தெலுங்கில் கேட்டார்.

"நேற்று புரியவில்லை சார்" என்றேன். அவர் நம்பினார்.

செங்கற்களை மறுபடி வைத்தார்கள். குரல் கொடுக்கும் வேலையை என்னிடமே கொடுத்தார். வலது, இடது என்றால்கூட அந்தப் பெண் ஒரு நொடி தயங்குவாளோ என்று பயந்து, வீட்டில் பேசுகிற மாதிரியே கத்தினேன்.

"சோத்தாங்கை! பீச்சாங்கை! சோத்தாங்கை!"

தமிழ் தெரிந்த இரண்டு மூன்று பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முப்பத்தொன்று சிரிக்கவில்லை. தலை குனியாமல், பந்தைப் பார்க்காமல், ஆறு செங்கல்லையும் தாண்டினாள். இடது கை வலது கையைவிட நன்றாக இருந்தது. அந்த வயதில் நான் அப்படி ஒரு இடது கையைப் பார்த்ததில்லை. ஒன்பது போட்டேன். பத்துப் போட்டிருக்கலாமோ என்று வெகுநாள் யோசித்தேன்.

அவள் நான்காவது. என் மகள் பதின்மூன்றாவது.

பட்டியலில் தன் எண் இல்லை என்று பார்த்ததும் மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வந்து, "பஸ் எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள். சித்தூர் வரை ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளுக்கு ஒரு கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தேன். அதை மடியில் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் போன் செய்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"கம்முனு இருந்திருக்கலாம் இல்ல? யாரு உன்னக் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல."

"பன்னெண்டாவது நம்ம பொண்ணு."

"ஆமாங்க."

"இன்னா ஆமா ஆமான்ற? அந்தப் பொண்ணு உனுக்கு இன்னா ஆவணும்?"

பிறகு அவரே, பரவாயில்லை, சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

ஜூன் முதல் வாரம் அந்த அம்மாள் மகளோடு வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். விளையாட்டு ஆசிரியையிடம் விசாரித்திருக்கிறாள். பையில் மாம்பழம். விடுதியிலிருந்து வந்த தாள் தெலுங்கில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல வேண்டும். பெண்ணின் தலையில் முடி ஊசிமுனை அளவு முளைத்திருந்தது.

படித்தேன். டிரங்குப் பெட்டி ஒன்று. போர்வை இரண்டு. தட்டு, டம்ளர். பூட்டு ஒன்று, சாவி இரண்டு.

"பொட்டி இங்க எங்க மேடம் நல்லா கெடைக்கும்?"

நான் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து வந்தேன். நீலப் பெயின்ட் அடித்த புதுப் பெட்டி. என் மகள் நிலைப்படியில் நின்றாள்.

"இத எடுத்துக்கினு போங்க. சும்மாதான் கீது."

"அய்யய்யோ, வேணாம் மேடம். எங்கள சேத்து விட்டதே போதும்."

"பரவாயில்ல. பூட்டு மட்டும் நீங்க வாங்கிக்கோங்க."

அவள் பெட்டியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாள். ஐந்தடி ஏழு அங்குலத்துக்கு மேல் அந்தப் பெட்டியும் சேர்ந்து, வாசல் நிலையில் இடிக்காமல் இருக்கக் குனிந்து போனாள். பெண் பின்னால் போனாள். தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள், இடது கையால்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது மகள் இன்னும் அங்கேயே நின்றிருந்தாள்.

"அம்மா, எல்லாம் வாங்கின. பூட்டு மட்டும் ஏன் வாங்கல?"

"கடையில நல்ல பூட்டு இல்ல."

"அந்தக் கடையில வெறும் பூட்டுதானே வெச்சிக்கினு கீறாங்கோ."

அவள் சொன்னது சரி. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடை, கூரையிலிருந்து தரைவரை பூட்டுகள்தான் தொங்கும். நான் இரண்டு தடவை அதற்குள் போய், இரண்டு தடவையும் வெறுங்கையோடு வந்திருந்தேன். முகாமுக்குப் போவதற்கு முன்பே. அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே. அன்று காலை மரத்தடிக்கு நடந்து போனது அவளுக்காகவா, இந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டுமே என்ற பயத்தாலா என்று அன்றும் தெரியவில்லை. இப்போது எழுதும்போதும் தெரியவில்லை.

மகள் பந்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் பையிலிருந்த மாம்பழங்களை எடுத்துக் கழுவி, துடைத்து, தட்டில் அடுக்கினேன். சிமெண்டுத் தரையில் பந்து விழும் சத்தம் கேட்டது. வலது, வலது, இடது. இடது கை இன்னும் தடுமாறியது. தாளில் எழுதச் சொல்லியிருந்தால் நான்கு போட்டிருப்பேன்.