விறகுத் தொட்டித் தராசு

முதலில் வந்தது இருமல் இல்லை, அசதி. துறைமுகத்தில் சரக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. மூட்டை தூக்குகிறவனுக்கு வரவேண்டிய அசதி பென்சில் பிடிக்கிறவனுக்கு ஏன் வருகிறது என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்த பிறகு யாரும் கேலி செய்யவில்லை.

நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், காசநோய், வலது நுரையீரலில் குழி (கிருமி அரித்த பள்ளம்) என்றார். வாரம் இரண்டு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. தினமும் பி.ஏ.எஸ். வில்லைகள் (ஊசி மருந்துக்குக் கிருமி பழகிவிடாமல் தடுக்கும் துணை மருந்து). கூடவே பால், முட்டை, சுறா மீன் எண்ணெய், ஓய்வு.

“மருந்து கிருமியை அடிக்கும். மிச்சத்தை உங்க உடம்புதான் பாத்துக்கணும். ரெண்டும் வேணும்,” என்றார். “சளியில கிருமி இல்லேன்னு சீட்டு வர்ற வரைக்கும் குழந்தை உங்ககூட இருக்கக் கூடாது.”

என் மனைவி சரோஜா, நான்கு வயது மகள் கண்மணியோடு திருவொற்றியூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். ராயபுரம் வீட்டில் நானும் என் தட்டும் மிஞ்சினோம். பால்காரர் வாசலில் சொம்பை வைத்துவிட்டுக் குரல் கொடுக்காமல் நடந்துவிடுவார். ஒரு முழு வாரம் யாரோடும் பேசாமல் இருந்து, என் குரல் எப்படி இருக்கிறதென்று பார்க்க என் பெயரை நானே சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டேன்.

எதிரே விறகுத் தொட்டி (விறகு நிறுத்து விற்கும் கடை). அதை நடத்திய அண்ணாச்சி தெற்கத்திக்காரர். வெள்ளிக்கிழமைதோறும் விறகு நிறுக்கும் தராசில் என்னை உட்காரச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று எடை சொல்வார். நாலு மணங்கு (சுமார் நாற்பத்தைந்து கிலோ). அதற்கு மேல் ஏறவில்லை. வில்லைகள் வயிற்றைப் புரட்டின, சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் வில்லையை நிறுத்திப் பார்த்தேன். பசி வந்தது. அதன்பிறகு வில்லையைத் தொடவில்லை, ஊசி மட்டும் போட்டுக்கொண்டேன். சுறா எண்ணெயை மூக்கைப் பிடிக்காமல் குடித்தேன். இரண்டு மாதத்தில் முக்கால் மணங்கு ஏறியது.

“தம்பி, தேறிட்டீயள்லா,” என்று அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தனை நாளைக்குப் பிறகு ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்தது எனக்கு அழுகையை வரவழைத்தது. அன்றே மீதி வில்லைகளை பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தேன்.

திருவொற்றியூருக்குப் போனேன். சரோஜா என் கன்னத்தைப் பார்த்தாள்.

“டாக்டரு சீட்டு குட்த்தாரா?”

“குட்த்துட்டாரு,” என்றேன்.

அன்றே இருவரையும் ராயபுரத்துக்குக் கூட்டிவந்தேன். மூன்று வாரம் கண்மணி என் முதுகில்தான் இருந்தாள். பிறகு, ஊசிக்குப் போனபோது எடுத்திருந்த சளியின் சோதனை முடிவு வந்தது. சளியில் கிருமி இருந்தது, அது ஊசிக்கும் பழகியிருந்தது. சரோஜா பரணைத் துழாவி டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

“உன் ஒடம்ப இன்னா வோணா பண்ணிக்க. கொய்ந்த இன்னாயா பண்ணுச்சு உன்ன?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கண்மணிக்கு எடுத்த படம் சுத்தமாக இருந்தது. அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. எனக்குப் புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையைக் கொடுத்தார்கள், கூடவே அதே வில்லைகளையும். அவர்கள் மறுபடி திருவொற்றியூருக்குப் போனார்கள். ஒன்றரை வருடம், ஒருவேளைகூட விடாமல் விழுங்கினேன். எண்ணெயும் முட்டையும் தொடர்ந்தன. தராசுப் பக்கம் மட்டும் போகவில்லை.

இதைப் படிக்கும் உங்களிடமும் ஒரு டப்பா இருக்கலாம். சதை போட்டவனை ஊர் சேர்த்துக்கொள்ளும். கிருமிக்குச் சதை போட்டவன், மெலிந்தவன் என்ற வித்தியாசம் தெரியாது.

அடுத்தடுத்து இரண்டு சீட்டுகள் சுத்தமாக வந்தன. சரோஜா இரண்டையும் டாக்டரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டுதான் மகளோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கண்மணிக்கு ஆறு வயதாகியிருந்தது. என்னைக் கடக்கும்போதெல்லாம் கன்னத்தை உப்பவைத்து மூச்சை அடக்கிக்கொண்டு போவாள், அடுத்த அறைக்குப் போய்த்தான் மூச்சை விடுவாள். அம்மா எப்போதோ கற்றுக்கொடுத்தது. இனி வேண்டாம் என்று சொல்லியும் அவளால் விட முடியவில்லை.

ஒரு நாள் மதியம் படக்கதை பார்த்தபடி என் பாயில் தூங்கிப்போனாள். தூக்கத்தில் அடக்க முடியாதல்லவா, மூச்சு சீராக வந்துபோனது, என் கைமேல் பட்டது. எத்தனை நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை. நெஞ்சு வலித்தபோதுதான் கவனித்தேன், இத்தனை நேரமும் நான் மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்தேன்.