மூணாவது மாடி ஜன்னல்ல பல்லி

பல்லின்னு பேரு வெச்சது கம்பெனிக்காரங்க. எவ்ளோ ஒசந்த கட்டடமா இருந்தாலும் சரி, கயித்துல தொங்குற இரும்புத் தொட்டிக்குள்ள நின்னுகிட்டு கண்ணாடியோட கண்ணாடியா ஒட்டிக்கிட்டுத் துடைப்பான். ரப்பர் வைப்பர அவன் ஒரு இழு இழுத்தா, கண்ணாடி இருக்கா இல்லையான்னு காக்கா குழம்பிப்போய் முட்டிக்கும். வெளிநாட்டுக்குக் குடும்பத்தோட பொழைக்க வந்து ஆறு வருஷத்துல அவன் எட்டிப் பாக்காத ஆபீஸ் இல்ல, பேங்க் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. பாக்காதது ஒண்ணே ஒண்ணுதான். பெத்த பொண்ணு படிக்கிற வகுப்பு.

பொண்ணுக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடத்துல சேத்ததும் அம்மாதான், மீட்டிங்குக்குப் போறதும் அம்மாதான். அவளுக்கு ஆஸ்பத்திரியில ஆயா வேல, ஷிப்ட் ஒத்து வந்தாத்தான் அதுவும். இவனுக்கு அன்னைக்கெல்லாம் எவன் ஜன்னலோ காத்துக்கிட்டு இருக்கும். அப்பனும் பொண்ணும் சாயங்காலம் ஒரு மணி நேரம் சேந்து இருந்தா அது பெரிய விஷயம். அந்த ஒரு மணி நேரத்துல பாத்ரூம் கண்ணாடியில ஷேவிங் நுரையால மீசை வெச்ச யானை வரைவான். அவ சிரிக்கிற சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரன் சுவத்தத் தட்டுவான்.

இப்படி இருக்கயில, அந்தப் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி மொத்தமும் துடைக்கிற வேல இவங்க கம்பெனிக்கே வந்துச்சு. நாலு நாள் வேல. லிஸ்ட்ல இவன் பேரு இல்ல. தொட்டியில கூட நிக்கிற கூட்டாளிகிட்ட ஓடுனான். அவனோட ரெண்டு ஞாயித்துக்கிழம டூட்டியத் தன் தலைல போட்டுக்கிட்டு, லிஸ்ட்ல இருந்த அவன் எடத்த வாங்கிக்கிட்டான்.

"ஏன்டா மச்சான் இந்தத் துடிப்பு? படிக்கிற வயசுல கூட நீ பள்ளிக்கூடத்துக்கு இவ்ளோ ஆசையா போயிருக்க மாட்ட."

"என் பொண்ணு அங்கதான்டா படிக்குது. சொல்லாம கொள்ளாம ஜன்னல்ல போய் நின்னா அவ மூஞ்சி எப்படி மலரும்? அத ஒரு தடவ பாக்கணும், வேற ஒண்ணும் வேணாம்."

"உன் மூஞ்சியப் பாத்தா மலராதுடா, மயங்கி விழும்."

மொத நாள் ஹெல்மெட்ட வெளக்கி வெச்சு, ரெண்டு தடவ ஷேவ் பண்ணி, பவுடர் வேற அடிச்சுக்கிட்டான். உலகத்துலயே பவுடர் போட்டுக்கிட்டு தொட்டியில ஏறுன மொத ஆளு அவனாத்தான் இருப்பான். மொட்டமாடியில நின்ன இன்னொரு ஆளு கயித்த விட, மூணாவது மாடிக்கு எறங்குனான். ரெண்டாவது வரிசை, மூணாவது பெஞ்சு. அவளேதான்.

மொத்த வகுப்பும் திரும்பிப் பாத்துச்சு. அவளும் ஒரு நொடி பாத்தா. பாத்துட்டுப் புஸ்தகத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டா. டீச்சருக்குப் பயப்படுறா போலன்னு நெனச்சு, பல்லி நுரைய வாரி கண்ணாடியில யானைய வரைஞ்சான். மீசை வெச்சான். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சுது. ஒரு குண்டுப் பய ஓடி வந்து கண்ணாடியில மூக்க அழுத்தி நாக்க நீட்டுனான். அவ மட்டும் நிமிரவே இல்ல. பல்லி கண்ணாடியத் தட்டுனான். அவளயே விரல நீட்டிக் காட்டுனான். பத்தாதுன்னு இன்னொரு தடவ காட்டுனான். எல்லாத் தலையும் அவ பக்கம் திரும்புச்சு.

அவ எந்திரிச்சு ஜன்னலுக்கு வந்தா. பல்லிக்கு நெஞ்சு விரிஞ்ச விரிவுல தொட்டி ஒரு பக்கம் சாஞ்சிருக்கணும். வந்தவ அவன் மூஞ்சியப் பாக்காமலே திரைய இழுத்து மூடிட்டுப் போயிட்டா.

மேல இருக்குறவன் கயித்த விட்டாத்தானே தொட்டி நகரும். பத்து நிமிஷம் மூடுன திரையப் பாத்துக்கிட்டே அந்தக் கண்ணாடியத் துடைச்சு முடிச்சான்.

கீழ எறங்குனதும் பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. வேலைக்கு வந்த ஆளு ஒரு பொண்ண மட்டும் குறி வெச்சு கையக் காட்டுறான்னு டீச்சர் சொல்லியிருக்கு. வேத்து பாஷைக்காரன் ஃபோர்மேன், மூஞ்சி கருத்துப்போய் நிக்கிறான். "இது மட்டும் நெசம்னா உன் பெர்மிட்டு கிழிஞ்சுது. குடும்பத்தோட பிளேன் ஏற வேண்டியதுதான்."

என் பொண்ணுங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். வாயத் தொறந்தான். பிரின்சிபால் அம்மா கையக் காட்டி நிறுத்திட்டாங்க. "நீங்க இருங்க. பாப்பா சொல்லட்டும். இவர உனக்குத் தெரியுமாம்மா?"

பொண்ணு தனியா வரல. கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு சிநேகிதியும் வந்திருந்துச்சு. பொண்ணு சிநேகிதியப் பாத்தா, தரையப் பாத்தா.

"தெரியும் மேடம். எங்க வீட்டுக் கண்ணாடி துடைக்க வருவாரு. நல்லவருதான். கொஞ்சம் வெவரம் பத்தாது."

ரூம் மொத்தமும் மூச்சு விட்டுச்சு. ஃபோர்மேன் சிரிச்சுட்டான். "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானய்யா. வெளி வேல வேற பாக்குறியா நீ? இந்த ஒரு தடவ விட்டுத் தொலைக்கிறேன்."

"அவ அப்பாவ நாங்க பாத்ததே இல்ல"ன்னாங்க பிரின்சிபால் அம்மா. "பெரிய இஞ்சினியராமே. எந்தக் கட்டடத்தப் பாத்தாலும் இது எங்கப்பா வேல பாத்ததுன்னு சொல்லுவா. ரொம்ப பிஸியோ?"

பல்லி தலையாட்டுனான். "பிஸிங்க."

சாயங்காலம் அவன் ஷூவக் கழட்டும்போது பொண்ணு பக்கத்துல வந்து நின்னா.

"நாளைக்கும் வருவீங்களாப்பா?"

"இன்னும் மூணு நாள் இருக்குடா கண்ணு."

"எங்க வகுப்புப் பக்கமா?"

"இல்ல, பின்னாடி. சாப்பிடுற எடத்துப் பக்கம்."

"மத்தியானம் நாங்கல்லாம் அங்கதான் இருப்போம்." அவன் கழட்டுன ஷூவ எடுத்து ஓரமா வெச்சா. "எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குப்பா."

நெத்தியத் தொட்டுப் பாத்தான். ஐஸ்கட்டி தோத்துரும், அவ்ளோ சில்லுன்னு இருந்துச்சு.

"ஆமா, கொதிக்குது"ன்னான்.

அம்மாக்காரி ஷிப்டுக்கு ஓடுற அவசரத்துல செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னா. "மூணு நாளைக்கு லீவு லெட்டர் எழுதுங்க. அங்கதான போறீங்க, கையோட குடுத்துருங்க. அப்பான்னு ஒருத்தன் இருக்கான்னு ஒரு நாளாவது அங்க தெரியட்டும்."

பல்லி எழுதுனான். அவன் எழுத்து எறும்பு வழுக்கி விழுந்த மாதிரி இருக்கும். காலைல ஹெல்மெட்ட அக்குள்ல இடுக்கிக்கிட்டு பிரின்சிபால் அம்மா முன்னாடி நீட்டுனான்.

"அவங்கப்பா குடுத்து விட்டாரா?"

"ஆமாங்க."

"ஒரு லெட்டர் கொண்டு வரக்கூட அவருக்கு நேரம் இல்ல பாருங்க. நீங்களாவது அந்தப் புள்ள மேல அக்கறையா இருக்கீங்க." லெட்டர ஃபைலுக்குள்ள சொருகிட்டு, பின்னாடி இருந்த ஜன்னலக் காட்டுனாங்க. "இதையும் உள்பக்கம் ஒரு தடவ துடைச்சு விட்டுருங்க."

பல்லி துணிய எடுத்தான்.