வீரகத்தியரின் பசி

செத்தவீட்டில் சோறு கேட்டவர் என்றால், மல்லாவியில் எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு அது வீரகத்தியண்ணைதான். தொண்ணூற்றாறில் பரந்தனை விட்டு ஓடி வந்தபோது அவருடைய சாமான்கள் ஒரு வண்டிலுக்குள் அடங்கின. அந்தக் கதை மட்டும் வண்டில் இல்லாமலே வந்து சேர்ந்தது.

இடம்பெயர்வதற்குக் கொஞ்ச நாட்களுக்கு முன், வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன ஒரே மகன் ஜெயந்தன் ஆமி அடித்த செல் விழுந்து வெடித்து இறந்துபோனான். பிரேதம் வீட்டுக்குள் கிடந்தது. பிரேதம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் குந்தியிருந்த வீரகத்தியண்ணை எழுந்து, ஒப்பாரி வைத்த பெண்களுக்கு நடுவே போய், மனைவி விமலேஸ்வரியிடம் குனிந்து கேட்டார்.

“எனக்குப் பசிக்குது. ஏதும் இருக்கோ?”

ஒப்பாரியே நின்றுவிட்டதாம். சொந்தக்காரி ஒருத்தி, “பெத்தவளுக்கு வயிறு எரியுது, உவருக்கு வயிறு பசிக்குதாம்” என்றாள்.

அன்றோடு விமலேஸ்வரியக்கா அவருடன் நேரே கதைப்பதை விட்டார். சமைத்தார், பரிமாறினார், உடுப்புத் தோய்த்தார். கதை மட்டும் மகள் சுதாஜினி வழியாகப் போகும்.

“அப்பாவைக் குளிச்சிட்டு வரச் சொல்லு.”

“விறகு முடிஞ்சுதெண்டு கொம்மாட்டைச் சொல்லு பிள்ளை.”

இருவரும் ஒரே குசினிக்குள் நிற்பார்கள். நடுவில் அந்தப் பிள்ளை தபால்காரி மாதிரி.

அவருடைய பசி தீரவில்லை. நேரகாலம் இல்லாமல் வரும். ஜெயந்தனோடு படித்த பெடியன் ஒருவன் வாசல் படலையில் சைக்கிள் மணி அடித்தால் வரும். வரம்பில் யாரோ சின்னப் பெடியன் மண்வெட்டியோடு போனால் வரும். அரிசிக்கே அலைந்த காலம் அது. சோற்றைப் போட்டால் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிடுவார். மிச்சத்தைக் கோழிக்குக் கொட்டும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கமுடியாது.

“அண்ணை, வயித்துக்கை குளம் ஏதும் வெட்டி வைச்சிருக்கிறியளோ?” என்று வீரகத்தியண்ணையின் தம்பி தங்கராசா நக்கலடிப்பார்.

“தெரியேல்லையடா. உள்ளுக்கை ஏதோ வெறுமையாக் கிடக்கு. போட்டாலும் நிரம்புதில்லை.”

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணியில் சுதாஜினிக்குக் கல்யாணம். வீட்டு வளவுக்குள் பந்தல். பக்கத்து வீட்டுக்காரியான நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தாலி ஏறும்வரை பொம்பிளையின் தாய் தகப்பன் விரதம். மாப்பிள்ளை வந்து படலையில் நின்றார். பொம்பிளையின் சகோதரன்தான் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துவரவேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். செம்போடு போனவன் தங்கராசாவின் மகன் வினோதன்.

அந்த நேரம் பார்த்து வீரகத்தியண்ணை பட்டு வேட்டியோடு குசினிக்குள் வந்தார்.

“எனக்குப் பசிக்குது.”

ஆலாத்தித் தட்டை எடுக்க வந்த அக்கா நிமிர்ந்தார். ஏசத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். சொல்லியனுப்ப மகள் பக்கத்தில் இல்லை. அவர் அக்காவைப் பார்க்கவில்லை. கிடுகு வேலி இடைவெளிக்குள்ளால் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் பார்த்தார். அங்கே வினோதன் குனிந்து மாப்பிள்ளையின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அக்கா தட்டைக் கீழே வைத்தார். நாலு வருசத்துக்குப் பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“எங்கை பசிக்குது?”

அவர் வயிற்றில் கை வைத்தார். பிறகு எடுத்தார். முள் குத்திய இடத்தைத் தேடுபவர் மாதிரி கை மெல்ல மேலே ஏறி, நெஞ்சில் நின்று, தொண்டைக்குழிக்கு வந்தது.

“இஞ்சை. வயித்திலை இல்லைப் போல கிடக்கு, விமலா.”

“பொம்பிளையின்ர தாய் தேப்பன் எங்கை? ஆலாத்தித் தட்டு எங்கை?” என்று வெளியே கத்தினார்கள். இருவரும் போனார்கள்.

பல்கலைக்கழகத்தில் இதற்கு நான் படித்த பெயர்கள் சில உண்டு. ஒன்றையும் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? எங்கள் வீட்டில் முதலாவதாகப் பட்டம் எடுத்தவள் நான். என் சொந்தக் கவலையைக் கேட்டால் நானும் தலையிடி என்றுதான் சொல்வேன்.

இப்போது அவர் பசிக்குது என்றால் அக்கா பானையடிக்குப் போவதில்லை. வந்து பக்கத்தில் இருக்கிறார். மகனைப் பற்றி இருவரும் இன்னும் கதைக்கவில்லை. அவருக்கு அதற்கு வார்த்தை வருமா என்று தெரியவில்லை. ஊர் இப்பவும் அந்தப் பழைய கதையைத்தான் சொல்கிறது. போன கிழமை ஒருத்தி கிணற்றடியில் அதைத் தொடங்க, அக்கா வாளியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அவளில பிழையில்லை, பிள்ளை. உந்தக் கதையை முதல் சொன்னது நான்தானே. அண்டைக்கே எங்கை பசிக்குது எண்டு ஒருக்காக் கேட்டிருந்தா, அந்த மனிசன் பிள்ளையின்ர சவத்துக்குப் பக்கத்திலை தன்ர பாட்டிலை தனிய இருந்திராது.”