யாரும் கை காட்டாத வேன்

ஏழாயிரம்பண்ணை தாண்டி ஊருக்குள் சாலை பிரியும் ஒரு விலக்கில் எங்கள் சாத்தூர் பஸ் டயர் பஞ்சராகி நிற்கிறது. விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. கையில் தூக்குச்சட்டியோடு சில பெண்கள் பட்டாசு ஆலை வேனுக்காகக் காத்திருக்கிறார்கள். என் தோள்பையைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு நின்றுபோகிறது.

“கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீகளா?” என்கிறாள் ஒருத்தி.

ஊர் பார்க்க வந்தவன் என்கிறேன். அவள் நம்பவில்லை. இந்தக் கரிசல் பொட்டலில் பார்க்க என்ன இருக்கிறது?

எனக்கும் அவள் மேல் சந்தேகம். அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மகள் சேலை கட்டியிருக்கிறாள். நழுவாமல் இருக்கத் தோளில் இரண்டு ஊக்கு. ரவிக்கை அம்மாவுடையதாக இருக்க வேண்டும், தொளதொளவென்று தொங்குகிறது. முகத்தை மட்டும் பார்த்தால் ஆறாம் வகுப்பு.

வயதைக் கேட்டால் பொய்தான் வரும். அதனால் வேறு ஒன்று கேட்கிறேன்.

“பாப்பா, சாத்தூர் பஸ் இங்க நிக்குமா?”

“பதினெட்டு முடிஞ்சிருச்சு சார்,” என்கிறாள் பட்டென்று.

யாரும் சிரிக்கவில்லை. தாய் மகளின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிடுகிறாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே பேசுகிறாள்.

“பெரிய பள்ளிக்கூடம் போறதுன்னாலும் அந்த பஸ்ஸுலதான் சார் போகணும். அது இங்கன எங்க நிக்குது? இன்னைக்கு டயர் வெடிச்சதால நிக்குது.”

புழுதியைக் கிளப்பிக்கொண்டு வேன் வருகிறது. யாரும் கை காட்டவில்லை. நேராக வந்து, அந்தச் சிறுமிக்கு முன்னால் நிற்கிறது.