வேறொரு வீட்டின் சன்ஷேடு

அஞ்சலையின் வலது கையை முடமாக்கியவள் நான். சன்ஷேடு இடிந்து விழுந்துதான் அப்படி ஆயிற்று என்று விருத்தாசலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம்பாதீர்கள். அது நான் செய்த காரியம்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. குவைத்திலோ சென்னையிலோ இருந்துகொண்டு, ஊரில் ஒரு வீட்டைக் கட்டி, 'நம்ம ஆளுதானே, பாத்துக்குவாங்க' என்று சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர் என்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களுடைய 'நம்ம ஆளு' என்னைப் போன்ற ஒருத்தியாக இருக்கலாம்!

கலைச்செல்வியும் நானும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவள் நர்சுக்குப் படித்துக் குவைத் போனாள். நான் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்தேன். கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் உழைத்து, செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கமாக அவள் ஒரு வீடு கட்டினாள். பால் காய்ச்சிய மறுவாரமே விமானம் ஏற வேண்டியிருந்தது. சாவியை என் கையில் வைத்து, "ஒன்ன வுட்டா எனக்கு யாருடி இருக்குறா?" என்றாள்.

அந்த வீட்டில் அஞ்சலையையும் அவள் புருஷனையும் குடிவைத்தேன். அஞ்சலை பொம்மைக் கம்பெனியில் கண் எழுதுகிறவள். சூளையில் சுட்டெடுத்த பீங்கான் பொம்மைக்கு மெல்லிய தூரிகையால் புருவமும் விழியும் போடுவாள். ஒரு நாளைக்கு எத்தனை பொம்மை போட்டாலும் எதற்கும் மாறுகண் வந்ததில்லை என்று மேஸ்திரியே சொல்வார். புருஷன் லோடு ஏற்றுகிறவர். வீட்டை அவள் வைத்திருந்த சுத்தத்தைப் பார்த்தால் சொந்த வீடு என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

இனிமேல்தான் என் சாமர்த்தியம்... கேளுங்கள்.

வீட்டுக்காரியும் குடியிருப்பவளும் ஒருவரோடொருவர் பேசிவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் தொழில் ரகசியம்! அஞ்சலை நம்பர் கேட்டால், "ஐயோ, ஓனரம்மா ரொம்பக் கறாரு. டூட்டி நேரத்துல போன் பண்ணா வூட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்பேன். கலைச்செல்வி கேட்டால், "அதுங்களுக்கு எதுக்குடி ஒன் நம்பரு? பல்பு ஃபீஸ் போனாக்கூட ஒன்னக் கூப்பிட்டு உயிர எடுக்கும்" என்பேன். இவளுக்கு அவள் அரக்கி, அவளுக்கு இவள் தொல்லை. இரண்டு பேருக்கும் நான் மட்டும் நல்லவள்! இப்படி நடுவில் நின்று பழகியவளுக்குத் திருட எத்தனை நாள் ஆகும்?

சமையலறை ஜன்னலுக்கு மேலே, கொல்லைப்புறத்து சன்ஷேடு ஒரு மழைக்காலத்தில் விரிசல் விட்டது. காரை பெயர்ந்து உள்ளே கம்பி தெரிந்தது. கீழேதான் துணி துவைக்கிற கல். அஞ்சலை கடைக்கே வந்து, "எப்ப வுழுமோன்னு பயமா இருக்குதுக்கா" என்றாள். கலைச்செல்வியிடம் சொன்னேன். அன்றைக்கே பணம் அனுப்பினாள். "மொதல்ல அதப் பாரு, குடியிருக்கறவங்க தலையில வுழுந்துறப் போவுது" என்றாள். இந்த வார்த்தையை மறக்க நான் செய்யாத முயற்சி இல்லை.

அந்த மாதம் என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. நாத்தனார் முன்னால் தலைகுனியக் கூடாது என்ற வீம்பு. மண்டபம், பேனர், வாசலில் வாழைமரம்... அடுத்த மாதம் சீட்டு எடுத்து சன்ஷேடைக் கட்டிவிடலாம், ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். திருடுகிற எவளும் தன்னைத் திருடி என்று நினைப்பதில்லை. கைமாற்று என்றுதான் நினைக்கிறாள்.

கலைச்செல்வி போட்டோ கேட்டாள். எங்கள் தெருவில் வேறொரு வீட்டில் கொத்தனார் சன்ஷேடு பூசிக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் அப்பிடியே நில்லுங்கண்ணே" என்று சொல்லி, அடிப்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். ஈரச் சிமெண்டுக்கு முகவரி ஏது? 'சூப்பர்டி' என்று கைகூப்பிய பொம்மைகளோடு பதில் வந்தது. நானும் பதிலுக்கு ஒரு பூவைப் போட்டேன்.

படம் அனுப்பிய பதினெட்டாம் நாள் காலையில் சன்ஷேடு விழுந்தது.

கல்லின்மேல் துணியை அழுத்திக்கொண்டிருந்த கை... வேண்டாம், அதை எழுத எனக்குத் தெம்பில்லை. இங்கே பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். கை இருக்கிறது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாது. தூரிகை பிடிக்க முடியாது. இப்போது அதே கம்பெனியில், பொம்மை வைக்கும் அட்டைப்பெட்டிகளுக்குள் இடது கையால் வைக்கோல் திணிக்கிறாள்.

என் பாவம் அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை! ஆஸ்பத்திரி வாசலில் அவள் புருஷன் அழுதபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மூணு தடவ சொன்னேன் தம்பி, ஓனரம்மா காதுலயே போட்டுக்கல." நாக்கு கூசவில்லை. கலைச்செல்வியிடமோ, "அவங்களுக்கு ஓசூருல வேல கெடச்சிருச்சு, காலி பண்ணிட்டாங்க" என்றேன். பிறகு அவர்களை வேறு வீட்டுக்குக் குடிமாற்றிவிட்டு, வளையலை அடகு வைத்து சன்ஷேடைக் கட்டினேன். அந்தச் சிமெண்டைப் படமெடுத்து அனுப்பும்படி யாரும் கேட்கவில்லை.

நீங்கள் மட்டும் ஏமாறாதீர்கள். கள்ளியே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் குடியிருப்பவரின் குரலை மாதம் ஒரு தடவையாவது உங்கள் காதால் கேளுங்கள். 'எதுக்குங்க ஒங்களுக்குச் செரமம்' என்று நடுவில் இருப்பவர் குழைந்தால், அன்றைக்கே பேசுங்கள். படத்தை நம்பாதீர்கள். வீடியோவில் தெருமுனையிலிருந்து கதவு திறந்து கொல்லைவரை நடக்கச் சொல்லுங்கள். லீவில் வந்தால் சொல்லாமல் வாருங்கள். என்னை ஒரே ஒரு தடவை அப்படிச் சோதித்திருந்தால், அந்தக் கை இன்றைக்கும் கண் எழுதிக்கொண்டிருக்கும்.

கலைச்செல்வி வந்தாள், போன மாசி மகத்துக்கு. சொல்லிவிட்டுத்தான் வந்தாள். பெரிய கோயிலுக்கு என்னையும் கூட்டிப் போனாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் அஞ்சலை நின்றிருந்தாள்! இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. குடியிருந்தவர் என்று கலைச்செல்விக்குத் தெரிந்தது புருஷன் பேர் மட்டும்தான்.

குருக்கள் திருநீறு கொடுத்தார். சாமி பிரசாதத்தை இடது கையில் வாங்கலாமா? அஞ்சலை அந்த வளைந்த வலது கையைத்தான் நீட்டினாள். திருநீறு விரலிடுக்கில் வழிந்து தரையில் கொட்டியது. பின்னால் நின்ற கலைச்செல்வி சட்டென்று தன் உள்ளங்கையை அந்தக் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கினாள். "இன்னொரு வாட்டி போடுங்க சாமி" என்றாள். தன் வீடு நசுக்கிய கை அது என்று அவளுக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் நர்சுப் புத்தி, அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எலும்பு சரியாச் சேரலியேம்மா, எப்பிடி ஆச்சு?"

"குடியிருந்த வூட்டுல காரை பேந்து வுழுந்துச்சும்மா."

"வூட்டுக்காரங்க ஒண்ணும் பண்ணலியா?"

அஞ்சலை என்னைக் காட்டினாள். "இந்த அக்காவயே கேளுங்க. அவங்களும் எத்தினி தடவ சொல்லியிருப்பாங்க! அந்தப் பொம்பள ஒரு வார்த்த கேக்கலியே. ஒங்க மாதிரி ஒருத்தங்க வூட்டுல குடியிருந்திருந்தா என் கை போயிருக்காதும்மா. நீங்க நல்லா இருக்கணும். அவ நல்லா இருப்பாளா?"

கலைச்செல்வியின் கண் கலங்கிவிட்டது. "விடும்மா, சாமி பாத்துக்கும்" என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஒரு வார்த்தை போதும். 'இவதான்டி அவ' என்று ஒரு வார்த்தை! கோயில் வாசல், மாசி மகம், இரண்டு பேரும் எதிரே... வாய் திறக்கவில்லை நான்.

ஆட்டோவில், "யாரு வூடுடி அது?" என்றாள். "ஒனக்குத் தெரியாது, வேற ஆளு" என்றேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த மாதிரி ஆளுங்க வூட்டயெல்லாம் நீ பாத்துக்காதடி. அந்தப் பாவம் ஒனக்கும் ஒட்டிக்கும்" என்றாள்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். இப்போது போன் செய்யும்போதெல்லாம் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. "கோயில்ல பாத்தோமே, அந்தம்மா கைக்கு வைத்தியம் பாக்குறாங்களா? போய்ப் பாத்தியா?" என்றுதான் கேட்கிறாள்.

"பாத்தேன்டி. இப்ப தேவல" என்கிறேன்.

நான் போகவே இல்லை.